ஐந்து நிமிடம் மைக் கிடைத்தால்: மகிழ்விக்க, விளக்க, இசைய வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் ஆறுமுக நாவலர் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். பாதிரிமார்கள் மக்களைப் பார்த்துப் பேசும் முறையை அருகிலிருந்து கண்டவர் அவர். அந்த முறையைச் சைவத்துக்குக் கொண்டுவந்தார். அறுபது ஆண்டுகள் கழித்து, 1907 மே மாதத்தில், சென்னைக் கடற்கரை மணலில் வங்கத்து விடுதலை இயக்கத் தலைவர் பிபின் சந்திர பாலின் பேச்சைக் கேட்கப் பெருங்கூட்டம் திரண்டது. அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் சாதாரண மக்களிடம் தமிழில் பேசினார்கள். கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பேச்சைக் கேட்டவர்கள் எழுந்துபோய் ஒரு காரியத்தைச் செய்தார்கள் என்பதால்தான் ஆங்கிலேய அரசு அந்தப் பேச்சுகளைக் கண்டு பயந்தது. 1908 மார்ச்சில் இருவரையும் கைது செய்தது.

இவ்வளவு வலுவான ஒரு கருவியை இன்று நாம் பெரும்பாலும் வீணடிக்கிறோம். பொன்னாடைக்கும் புகழுரைக்கும் நடுவில் மேடைப் பேச்சு தன் வேலையை மறந்துவிடுகிறது. கிராம சபையிலோ, குடியிருப்போர் சங்கத்திலோ, பள்ளி விழாவிலோ ஐந்து நிமிடம் மைக் கிடைக்கப்போகிற ஒருவருக்காக இதை எழுதுகிறேன். பேச்சாளர் ஆகும் ஆசை இருக்க வேண்டியதில்லை. சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருந்தால் போதும்.

1. கூட்டம் கலைந்தபின் என்ன நடக்க வேண்டும்?

பேச அழைப்பு வந்ததும் பெரும்பாலோர் "எதைப் பற்றிப் பேசுவது?" என்று தேடத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நான் பேசி முடித்து, இவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது இவர்களிடம் என்ன மாறியிருக்க வேண்டும்? மனம் லேசாகியிருக்க வேண்டுமா? தெரியாத ஒன்று தெரிந்திருக்க வேண்டுமா? நாளைக் காலை ஒரு வேலையைச் செய்யக் கிளம்ப வேண்டுமா?

மகிழ்விப்பது, விளக்குவது, இசைய வைப்பது என்ற மூன்றும் ஒரே பேச்சில் கலந்துதான் வரும். ஆனால் ஒன்றுதான் தலைமை ஏற்க வேண்டும். மற்ற இரண்டும் அதற்குக் கைகொடுக்க வேண்டும். சிரிக்க வைக்கத் தொடங்கி, பாதியில் பாடம் நடத்தி, கடைசியில் கோரிக்கை வைக்கும் பேச்சு மூன்றிலும் தோற்கும். நான் கேட்ட மோசமான பேச்சுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையால்தான் மோசமானவை. பேசியவர்களுக்கு அறிவும் இருந்தது, குரலும் இருந்தது.

டெங்குக் கொசுவை எடுத்துக்கொள்வோம். கல்லூரி ஆண்டு விழாவில் அதைப் பற்றிப் பேசினால் கொசுவுக்கும் மனிதனுக்கும் நடக்கும் போராட்டம் போதும், சிரித்துவிட்டுப் போகட்டும். அங்கன்வாடிப் பணியாளர்களின் பயிற்சியில் பேசினால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு எங்கே முட்டையிடுகிறது, எப்போது கடிக்கிறது என்பது பிசகில்லாமல் மனத்தில் பதிய வேண்டும். அக்டோபர் 2 அன்று நடக்கும் கிராம சபையில் பேசினால், வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிறது; ஊர் ஒரு தீர்மானம் போட வேண்டும். பொருள் ஒன்றாக இருந்தாலும் மூன்று இடத்திலும் பேச வேண்டிய பேச்சு வேறு.

ஆகவே, முதலில் ஒரு துண்டுத்தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். கிராம சபைப் பேச்சுக்கு அது இப்படி இருக்கலாம்: "ஒவ்வொரு வீடும் ஞாயிறுதோறும் தண்ணீர் நிற்கும் பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவ ஒப்புக்கொள்ள வேண்டும், தெருவில் கிடக்கும் பழைய டயர்களையும் சிரட்டைகளையும் மழைக்கு முன் ஊராட்சி அள்ள வேண்டும்." இந்த வாக்கியத்தை எழுத முடியாதவரை பேச்சைத் தயாரிக்கத் தொடங்காதீர்கள். இனி இந்த உதாரணத்தையே கடைசிவரை எடுத்துச் செல்கிறேன்.

2. எதிரே உட்கார்ந்திருப்பவர்களை அறிந்துகொள்ளுங்கள்

திருக்குறளில் 72-ஆம் அதிகாரம் அவையறிதல்; அடுத்த அதிகாரம் அவை அஞ்சாமை. இந்த வரிசையே எனக்கு ஒரு பாடமாகத் தோன்றுகிறது. எதிரே இருப்பவர்கள் யார் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் விலகிவிடும். மேடை நடுக்கத்துக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுப்பவர்கள் இதை முதலில் சொல்லிக் கொடுக்கலாம்.

தெரிந்துகொள்ள வேண்டியவை மிகச் சாதாரணமானவை. வருபவர்கள் யார், எந்த வேலை செய்கிறவர்கள், இந்த விஷயத்தில் அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எதில் கோபமாக இருக்கிறார்கள்? எனக்கு முன் பேசுபவர் யார்? நான் பேசும்போது மணி என்ன, சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? நூறு நாள் வேலை முடித்து வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் பேசுவதற்கும், மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களிடம் பேசுவதற்கும் ஒரே குறிப்புச்சீட்டு உதவாது.

அவையை அறிந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசவில்லை. பெரியார் மணிக்கணக்கில், வீட்டுத் திண்ணையில் பேசுவது போன்ற மொழியில் பேசினார். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கூட்டத்திடமே பொறுப்பை ஒப்படைத்தார். 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் தம் கடைசிப் பேச்சைப் பேசும்வரை அந்த முறையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அண்ணா அடுக்குமொழியால் இளைஞர்களை இழுத்தார். காமராசர் அலங்காரமே இல்லாமல் சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசினார். அவரையும் மக்கள் கேட்டார்கள். ஆகவே யாருடைய பாணியையும் கடன் வாங்காதீர்கள். உங்கள் தெருவில் ஒரு முக்கியமான விஷயத்தை அண்டை வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்களோ, அதைக் கொஞ்சம் செம்மைப்படுத்தினால் அதுவே உங்கள் பாணி.

3. தெரிந்ததில் பாதியை விட்டுவிடுங்கள்

விளக்கும் பேச்சின் பெரிய ஆபத்து, தெரிந்ததையெல்லாம் கொட்டுவது. ஏடிஸ் கொசுவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். ஐந்து நிமிடத்தில், காதால் மட்டும் கேட்பவர்களுக்கு, மூன்று செய்திகள்தான் தங்கும். எந்த மூன்று என்பதை முன்பு எழுதிய வாக்கியம்தான் தீர்மானிக்கும்.

இந்தக் கொசு பெரும்பாலும் பகலில் கடிக்கும். இது ஒரு செய்தி. கொசுவலை கட்டி இரவில் தூங்குவதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவரை இது அசைக்கும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகும். வாரத்துக்கு ஒருமுறை கழுவச் சொல்வதற்குக் காரணமே இதுதான். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே கவிழ்த்துக் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஒவ்வொரு செய்தியும் ஒரு செயலுக்குக் காரணமாக நிற்பதைப் பாருங்கள். வைரஸின் வகைகள், ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை, உலகில் எத்தனை நாடுகளில் டெங்கு இருக்கிறது என்பவை உண்மையானவைதான், முக்கியமானவைதான். இந்தப் பேச்சில் அவற்றுக்கு வேலை இல்லை. மனம் வலித்தாலும் விட்டுவிடுங்கள். யாராவது கேட்டால் சொல்வதற்குக் கையில் இருக்கட்டும்.

எண்களைக் காதுக்கு ஏற்ற அளவில் கொடுங்கள். பேச்சுக்கு ஒன்றிரண்டு எண் போதும். பொருளைக் காட்ட முடிந்தால் கட்டாயம் காட்டுங்கள். ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டு "இதற்குள் ஒரு தெருவுக்கே காய்ச்சல் இருக்கிறது" என்று சொன்னால், அதன்பின் விளக்கப்படம் தேவைப்படாது.

4. தொடக்கத்தைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றுங்கள்

திருடர்கள் என்று நான் சொல்வது நம் விளிப்பு வழக்கத்தை. "விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும்", "முன்னிலை வகிக்கும்", "எனக்கு முன் வாழ்த்துரை வழங்கிச் சென்றிருக்கும்" என்று ஒவ்வொருவர் பெயரையும் பட்டத்தோடு சொல்லி முடிப்பதற்குள் ஐந்து நிமிடத்தில் இரண்டு போய்விடும். மரியாதை வேண்டும். "தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்" என்பதில் மரியாதை முழுமையாக இருக்கிறது.

அடுத்த வாக்கியத்திலேயே விஷயத்துக்குள் நுழையுங்கள். "எனக்குப் பேசத் தெரியாது", "அதிக நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன்" என்று தொடங்கினால் கூட்டம் உங்களை நம்பிவிடும், கைப்பேசியை எடுத்துவிடும். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் வார்த்தைக்கு வார்த்தை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நடுப்பகுதிக்குக் குறிப்பு போதும்.

5. சிரிப்பை வேலைக்கு அமர்த்துங்கள்

சிரிக்க வைப்பதுதான் இருப்பதிலேயே கடினமான கலை என்பது என் எண்ணம். குன்றக்குடி அடிகளார் பட்டிமன்றத்தை மக்களிடம் பரப்பினார். அதைத் தொலைக்காட்சி வழியாக வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தவர்களில் சாலமன் பாப்பையா முதன்மையானவர். அந்த மேடைகளில் நகைச்சுவை எப்படி உழைக்கிறது என்று கவனியுங்கள். எதிரணியின் வாதத்தைக் கோபமில்லாமல் சாய்க்கச் சிரிப்பு உதவுகிறது. கனமான ஒரு கருத்துக்குப் பின் கூட்டம் மூச்சுவிட இடம் தருகிறது. வெறும் துணுக்காக வரும்போது கைதட்டல் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறது.

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவது சிரிக்க வைப்பவருக்குப் பெரிய வரம். வாக்கியம் முடியும்வரை விஷயத்தை மூடி வைக்கலாம். இதைப் பாருங்கள்: "நம் வீட்டில் புகை போட்டால் கொசு பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர்கள் புகை போட்டால் அது திரும்பி வரும். தனியாக வராது, அங்கே பழகிய நாலு கொசுவையும் கூட்டிக்கொண்டு வரும்." சிரிப்பு வந்துவிட்டது. அதோடு ஒரு கருத்தும் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது: ஒரு வீடு மட்டும் பார்த்துக்கொண்டால் போதாது. அடுத்து நீங்கள் வைக்கப்போகும் கோரிக்கைக்கு வழி திறந்தாயிற்று. சிரிப்பு அடங்கும்வரை காத்திருங்கள். சிரித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தின் மேல் அடுத்த வாக்கியத்தைப் போட்டால் இரண்டும் வீண்.

வில்லிசையில் தலைமைப் பாடகர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். கூட்டத்தின் சார்பில் அவர் பேசுகிறார். அதனால் தூங்குகிறவரும் விழித்துக்கொள்கிறார். தனியாகப் பேசும் நமக்கு அந்தத் துணை இல்லை. கேள்விதான் துணை. "போன மழைக்காலத்தில் உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் காய்ச்சல்?" என்று கேட்டுவிட்டு உண்மையிலேயே நிறுத்துங்கள். யாராவது பதில் சொல்வார்கள். சொன்னவரைப் பார்த்து அதற்குப் பதில் பேசுங்கள். கிருபானந்த வாரியார் தம் சொற்பொழிவுகளில் குழந்தைகளைக் கேள்வி கேட்டே கூட்டம் முழுவதையும் விழிப்பாக வைத்திருந்தார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மனைவி, மாமியார், கறுப்பு நிறம், உடல் பருமன், திக்குவாய், சாதி, அடுத்த ஊர்க்காரரின் பேச்சு வழக்கு ஆகியவற்றை வைத்துச் சிரிப்பு வாங்காதீர்கள். எல்லாரும் சிரிக்கும்போது ஒருவர் தலையைக் குனிந்திருப்பார். அவருக்கும் சேர்த்துத்தான் உங்களிடம் மைக் தரப்பட்டிருக்கிறது.

6. இசைய வைப்பது: தடையை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்

அண்ணா ஒரு தேர்தல் கூட்டத்துக்கு வெகு நேரம் தாழ்ந்து வந்து, சித்திரை, பத்தரை, நித்திரை, முத்திரை என்று அடுக்கிச் சில வரிகளில் முடித்ததாக இன்றும் மேடைகளில் சொல்கிறார்கள். அதைக் கேட்பவர்கள் எதுகையை ரசிக்கிறார்கள். எனக்குப் பிடிப்பது அதன் ஒழுங்கு. மாதம், நேரம், கேட்பவரின் தூக்கம் ஆகிய மூன்றும் அவர்களுடைய நிலையை ஒப்புக்கொள்கின்றன. அதன்பின்தான் கோரிக்கை வருகிறது. அதுவும் ஒன்றே ஒன்று.

இசைய வைக்கும் பேச்சுக்கு இந்த ஒழுங்கைக் கையாளலாம். கேட்பவரின் நிலையை முதலில் சொல்லுங்கள். அவர் மனத்தில் ஓடும் மறுப்பை அவருக்கு முன்பாக நீங்களே எடுத்து வையுங்கள். பிறகு காரணம், கடைசியில் சிறிய, தெளிவான, செய்யக்கூடிய ஒரு கோரிக்கை. "விழிப்புணர்வோடு இருப்போம்" என்பது கோரிக்கை ஆகாது. அதை யாரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் செய்ய முடியாது.

கிராம சபையில் பேசும் பகுதி இப்படி அமையலாம்:

"தலைவர் அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. அதனால்தான் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறோம். பிடித்து வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த டிரம்மைக் கடைசியாக எப்போது தேய்த்துக் கழுவினோம்? ஏடிஸ் கொசு வழக்கமாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காது. நம் பிள்ளையைக் கடித்த கொசு டவுனிலிருந்து பஸ் ஏறி வரவில்லை. நம் தெருவில், நம்முடைய தண்ணீரில் பிறந்தது. முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். வாரம் ஒருமுறை தேய்த்துவிட்டால் அது பிறக்கவே பிறக்காது. எல்லா வேலையையும் எங்கள் தலையிலேயே கட்டுகிறீர்களே என்று கேட்பீர்கள். நியாயம்தான். தெருவோரம் கிடக்கும் டயரும் கொட்டாங்குச்சியும் ஊராட்சியின் பொறுப்பு. மழைக்கு முன் வண்டி வந்து அள்ள வேண்டும். வீட்டுக்குள் நாம், தெருவில் ஊராட்சி. இதைத் தீர்மானமாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

இதில் பயமுறுத்தல் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிணத்தைக் காட்டி மிரட்டினால் அன்றிரவு பயப்படுவார்கள்; மறுநாள் அந்தப் பயத்தோடு சேர்த்து உங்கள் கோரிக்கையையும் ஒதுக்கிவிடுவார்கள். பொய்யான எண்ணோ, நடக்காத கதையோ சொல்லி இணங்க வைப்பது அதைவிடக் கேடு. நாளை அதே ஊரில்தான் நீங்கள் நடமாட வேண்டும்.

7. நின்றுகொண்டு, சத்தமாக, கடிகாரத்தோடு

பயிற்சி என்றால் மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பதல்ல. கண்ணால் படிக்கும்போது அழகாக இருக்கும் வாக்கியம் வாயில் சிக்கும். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடம் கொடுத்தால் நான்கு நிமிடத்துக்குத் தயாரியுங்கள், சிரிப்பும் இடையூறும் மீதியை எடுத்துக்கொள்ளும்.

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததைக் குழந்தைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நடுவில் ஒரு சொல் மறந்தால் அந்தக் குழந்தை அங்கேயே உறைந்து நிற்கிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் மைக்கைக் கண்டால் விலகிப் போகிறது. அந்தக் குழந்தையிடம் "உன் பாட்டி செய்யும் குழம்பைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்" என்று கேட்டிருந்தால் தயங்காமல் பேசியிருக்கும். உள்ளங்கை அளவு சீட்டில் ஐந்தாறு சொற்கள் போதும்: டிரம், பகல், வாரம், தேய்த்து, டயர், தீர்மானம்.

8. மைக்கும் குழாயும்

மைக்கை வாய்க்குச் சற்றுக் கீழே, ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். தலைப்பகுதியை உள்ளங்கையால் பொத்தாதீர்கள். ஊளைச் சத்தம் கூடும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் மைக்கோடு போய் நின்றாலும் அப்படித்தான். ஒலிபெருக்கிக்காரரிடம் கூட்டத்துக்கு முன்பே இரண்டு வார்த்தை அன்பாகப் பேசி வையுங்கள்.

தெருவெங்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 170 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாயிலிருந்து உங்கள் குரல் அரை நொடி பிந்தி வந்து அடுத்த சொல்லின் மேல் விழும். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் ஒரு நொடி நிறுத்தினால் தூரத்தில் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்கும். கூட்டம் முழுவதையும் மேலோட்டமாகப் பார்ப்பதைவிட, ஒரு வாக்கியத்தை ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லி முடித்து, அடுத்ததை வேறொருவருக்குச் சொல்லுங்கள்.

9. குறுக்கே வரும் குரலும் கடைசி வேலையும்

பேச்சின் நடுவே ஒருவர் எழுந்து, "முதலில் சாக்கடையைச் சரிசெய்யச் சொல்லுங்கள்" என்பார். அவரை அடக்க முயலாதீர்கள். "அண்ணன் சொல்வது சரி, சாக்கடையும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் இந்தக் கொசு நாம் பிடித்து வைக்கும் தண்ணீரில்தான் அதிகம் வளர்கிறது. இன்றைக்கு இதை முடித்துவிட்டு, சாக்கடைக்குத் தனித் தீர்மானம் கேட்போம், நானும் உங்களோடு நிற்கிறேன்" என்று சொன்னால் எதிர்ப்பாளர் ஒருவர் துணையாளர் ஆகிறார். பதில் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுச் சொல்வதாக ஒப்புக்கொள்ளுங்கள். கேட்டுச் சொல்லவும் செய்யுங்கள். நேரம் முடிந்ததென்று சீட்டு வந்தால், எங்கே இருந்தாலும் எழுதி வைத்திருக்கும் கடைசி வாக்கியத்துக்குத் தாவிவிடுங்கள்.

கைதட்டலோடு இறங்கிப் போய்விடாதீர்கள். தீர்மானம் நிறைவேறியதாகச் சொன்னதும், தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைக் கூட்டத்தின் முன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். "சுகாதாரப் பணிகள் மேற்கொள்ளப்படும்" என்று பொதுவாக எழுதியிருந்தால், டயர், கொட்டாங்குச்சி, அள்ள வேண்டிய தேதி மூன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்ததைப் படித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.